சொன்னதைச் செய்பவரா, சரியென்று பட்டதைச் செய்பவரா?

கேள்வி: தொகுதி மக்கள் சொல்வதை அப்படியே செய்கிற உறுப்பினர்தான் மறுபடி ஜெயிப்பாரா?

பதில்: பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1774-ல், தன்னைத் தேர்ந்தெடுத்த இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம், உங்கள் விருப்பத்துக்காக என் சொந்த முடிவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அயர்லாந்து வணிகத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தச் சொன்னார். ஊர் வணிகர்களுக்குக் கோபம். தொகுதிப் பக்கமும் அதிகம் போகவில்லை. 1780-ல் தோற்பது உறுதி என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகினார்.

நியாயம் அவர் பக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் கோபப்பட்டவர்களிடம் அடிக்கடி போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நின்றுபோன ஓய்வூதியத்துக்காக அலைகிற முதியவருக்கு உறுப்பினரின் அலுவலகம் கடிதம் எழுதி வேலையை முடித்துக் கொடுத்தால், அந்தக் குடும்பம் பல சமயம் கட்சியைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கை இருந்தால், பிடிக்காத ஓட்டு ஒன்றை உறுப்பினர் சபையில் போட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை மனு கொடுக்கப் போகும்போது, போன கூட்டத்தொடரில் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டீர்கள், ஏன் என்றும் கேளுங்கள்.