சட்னி இட்லியைத் தொட்டால் தட்டையே தள்ளிவிடுகிறாள்!

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு வருடமாகச் சாப்பாட்டுக்கு ஏகப்பட்ட சட்டம் வைத்திருக்கிறாள். தினமும் அதே தட்டு வேண்டும். இட்லியை எட்டுத் துண்டாக்கித்தான் சாப்பிடுவாள், சட்னி அதைத் தொடக் கூடாது. ராத்திரி ஏழரை தாண்டினால் சாப்பாடே கிடையாது. ரொம்ப இளைத்துவிட்டாள், நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. இப்போது ஓயாமல் கை கழுவுகிறாள், கேஸை மூடியாச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். "திமிர், ரெண்டு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் அவள் அப்பா. நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: இல்லை அம்மா, நீங்கள் கெடுக்கவில்லை. காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் இந்த வாரமே அவளை ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்க்க வேண்டும். மயக்கம், படபடப்பு என்றால் அன்றைக்கே மருத்துவமனைதான். பயந்துபோய் ஒரேயடியாக நிறையச் சாப்பிட வைத்துவிடாதீர்கள். நாள்கணக்கில் வயிறு காய்ந்த உடம்பில் திடீரென உணவு ஏறினால், ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம். அளவை டாக்டர் சொல்லட்டும்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சாப்பாட்டை ஒதுக்கி இளைத்துப்போகும் அனோரெக்சியா என்ற உணவுக் கோளாறு, ஒரே பயமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி. இரண்டையும் டாக்டர் யோசித்தே ஆக வேண்டும். இவை பல நேரம் சேர்ந்தே வரும்.

இனி அந்தத் 'திமிர்'. 1948-ல் அமெரிக்காவில் உருவான ஒரு சீட்டுச் சோதனை உண்டு, விஸ்கான்சின் சோதனை என்பார்கள். கையில் இருக்கும் சீட்டை, எதிரே இருக்கும் சீட்டுகளோடு நிறத்தைப் பார்த்துச் சேர்ப்பதா, வடிவத்தைப் பார்த்தா, எண்ணிக்கையைப் பார்த்தா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'சரி', 'தப்பு' மட்டும்தான் பதில். தொடர்ந்து பத்து முறை சரியாக வைத்ததும், சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றிவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று 'தப்பு' கேட்டதும் வேறு வழியைப் பார்ப்பார்கள். அனோரெக்சியா உள்ள பெரியவர்களில் பலர் பழைய விதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஓ.சி.டி. உள்ளவர்களிடமும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இந்தச் சிரமம் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளிடம் இது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அனோரெக்சியா உள்ளவர்களின், நோயே இல்லாத அக்கா தங்கைகளிடமும் இந்தச் சிரமம் ஓரளவு இருப்பதாக லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதாவது, இது கொஞ்சம் பிறவியிலேயே வரலாம். செல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மீதியைப் பட்டினி செய்கிறது. 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், திடகாத்திரமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். தட்டைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள், துளித்துளியாக வெட்டித் தின்றார்கள், கண்டதையும் கலந்து தின்றார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பட்டினிதான் அவர்களை அப்படி மாற்றியது. உங்கள் மகளின் எட்டுத் துண்டு இட்லிக்கும் இதில் பங்கு இருக்கலாம். எடை ஏறாமல் மனம் இளகாது, மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. ரெண்டு போட்டால் அவள் இன்னும் இறுக்கமாக அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். அவள் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் கேட் சன்டூரியா என்பவர் வளர்த்த பயிற்சி ஒன்று எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் சாப்பாட்டுப் பேச்சே வராது. இடக் கையால் எழுதச் சொல்வார்கள், படத்தை வேறு கோணத்தில் பார்க்கச் சொல்வார்கள், தினசரி வேலையில் சின்னதாக ஒன்றை மாற்றச் சொல்வார்கள். டியூஷனுக்கு வேறு தெரு வழியாகப் போகலாம், வாட்சை மற்றக் கையில் கட்டலாம். சும்மா விளையாட்டு மாதிரி நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். நோயை இது மட்டும் குணப்படுத்தாது, சிகிச்சைக்குத் துணை, அவ்வளவுதான். சாப்பாட்டுச் சட்டங்களில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். எதை எப்போது தளர்த்துவது என்பதைச் சிகிச்சைக் குழுவோடு முடிவு செய்யலாம். இந்த வயதில், அந்தக் குழுவின் வழிகாட்டலோடு பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பைக் கையில் எடுக்கும் குடும்பச் சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது.

கேஸ் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லுங்கள். மறுபடி கேட்டால், "சொல்லிட்டேன்டா கண்ணு, மறுபடி சொன்னா பயம்தான் பெருசாகும். வா, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்" என்று பக்கத்தில் இருங்கள். முதல் சில நாள் அழுவாள், கோபப்படுவாள். ஓ.சி.டி. சிகிச்சையின் மையமே இதுதான்: பயம் வரட்டும், ஆனால் சரிபார்க்காமல், கழுவாமல், அது தானாகத் தணியும்வரை இருக்கப் பழக்குவார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு உண்டு. யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது எடை குறைந்த கணக்கு, கடைசி மாதவிலக்குத் தேதி, கை கழுவும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும்.