கட்டமும் குமிழியும்: சித்திரக்கதை வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளிற் பல, சூப்பர்ஹீரோ இதழ்களை வாசித்துவிட்டு நண்பர்கள் சொல்லும் அபிப்பிராயங்களைப் பற்றியவை. முதற் கேள்விக்குக் கூடிய இடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரே இதழை வாசித்த ஒருவர் “கதை நல்லம், படம் சரியில்லை” என்கிறார். மற்றவர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். எது எழுத்தின் பிழை, எது ஓவியத்தின் பிழை என்று எப்படிப் பிரித்தறிவது? (கல்லடி)

இதழின் முதற் பக்கங்களில் உள்ள பெயர் வரிசையைப் பாருங்கள். கதாசிரியர், பென்சில் ஓவியர், மை தீட்டுபவர், வண்ணமிடுபவர், எழுத்துப் பொறிப்பவர் என வழக்கமாக ஐந்து பேரின் கை அதில் இருக்கும். “படம் சரியில்லை” என்பது அவர்களில் நாலு பேரை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

எழுதும் முறையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கதாசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரிய வேண்டும், யார் என்ன பேச வேண்டும் என்று முழுவதும் எழுதிக் கொடுப்பார். மற்றது 1960களில் மார்வெல் நிறுவனத்தில் கதாசிரியர் ஸ்டான் லீ, ஓவியர்கள் ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ ஆகியோர் வேலை செய்த மார்வெல் முறை. கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஓவியரே பக்கங்களைப் பிரித்து வரைவார். வசனம் பிறகுதான் வரும். ஆகவே அந்தக் கால மார்வெல் இதழில் சண்டை பத்துப் பக்கம் நீண்டு, முடிவு கடைசிப் பக்கத்தில் நெரிபட்டுக் கிடந்தால், அதைக் கதாசிரியரின் தலையில் மட்டும் போட முடியாது. முழுவதும் எழுதிக் கொடுத்த இதழில் ஒரே பக்கத்தில் ஒன்பது கட்டம், ஒன்பதும் ஒன்பது இடம் என்றிருந்தால், ஓவியர் பாவம்.

சோதிக்க மூன்று தடவை வாசியுங்கள். முதற் தடவை வசனத்தைத் தொடாமல் படத்தை மட்டும். யார் எங்கே நிற்கிறார், யாரை நோக்கிப் போகிறார் என்பது தடங்கலின்றிப் புரிய வேண்டும். கண் தட்டுப்பட்டு நிற்கும் இடத்தில் பக்க எண்ணையும் கட்ட எண்ணையும் குறியுங்கள். இரண்டாம் தடவை வசனம் மட்டும். படமே தேவையில்லை என்னுமளவுக்கு வசனம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், எழுத்து தன் எல்லையைத் தாண்டிவிட்டது. வில்லன் கதவை உடைக்கும் படத்துக்கு மேலே “ஐயோ, கதவை உடைக்கிறான்!” என்று எழுதுவது அந்த வகை. மூன்றாம் தடவை இரண்டையும் சேர்த்து.

முதற் தடவையில் கண் நின்ற இடங்களைத் திரும்பப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, இடதுபக்கம் நின்றவர் அடுத்த கட்டத்தில் காரணமில்லாமல் வலதுபக்கம் வந்திருப்பார். பேசும் இருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்து, அதன் ஒரே பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து வரைந்தால் இது வராது. இரண்டாவது, முன்னால் நிற்பவரின் தோள் விளிம்பும் பின்னாலுள்ள சுவர்க் கோடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தொட்டால் இரண்டும் ஒரே தளத்தில் ஒட்டினதுபோலத் தெரியும். ஒன்றில் மேலேறி மறைக்க வேண்டும், அல்லது விலக வேண்டும். மூன்றாவது, காட்சி தொடங்கும்போது இடத்தை முழுதாகக் காட்டும் கட்டம் இல்லாமல் நேரே முகங்களுக்குப் போயிருப்பார்கள்.

பேச்சுக் குமிழிகளின் வால்கள் ஒன்றையொன்று வெட்டினால் எல்லாரும் எழுத்துப் பொறிப்பவரைத்தான் திட்டுகிறார்கள். இடமிருந்து வலமாக வாசிக்கும் கட்டத்தில், முதலில் பேசுபவரை வலதுபக்கம் நிறுத்தியது பென்சில் ஓவியர். மிஞ்சிய இடத்தில் எழுத்துப் பொறிப்பவர் என்ன செய்வார்?

எழுத்தையும் படத்தையும் பிரிக்கவே முடியாத இடங்களும் உண்டு. 1973 ஜூன் மாத அமேசிங் ஸ்பைடர்மேன் 121ஆம் இதழில், வில்லன் தள்ளிவிட, பாலத்திலிருந்து விழும் தன் காதலி க்வென் ஸ்டேசியின் காலை ஸ்பைடர்மேன் வலையால் பிடிக்கிறான். கதை ஜெரி கான்வே, பென்சில் கில் கேன். அவள் கழுத்தருகே ‘ஸ்நாப்’ என்று ஒரு சின்ன ஒலிச்சொல். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் வில்லன் கொன்றான். அதோடு பார்த்தால் காப்பாற்றப் போனவனின் வலையே கொன்றது. வாசகர்கள் எழுதிக் கேட்டு, திடீரென்று நிறுத்தியதில் ஏற்பட்ட உதறலே சாவுக்குக் காரணம் என்று 125ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஐம்பது வருடம் கடந்தும் அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. அபிப்பிராயம் சொல்வதென்றால் அந்த வாசகர்கள் மாதிரிச் சொல்லுங்கள்: இந்த இதழ், இந்தப் பக்கம், இந்தக் கட்டம், இந்தச் சொல்.

சூப்பர்ஹீரோக்களின் உடம்பை இப்படி ஊதிப் பெருப்பித்து வரைவது உடற்கூற்றுப் பிழை இல்லையா? (காத்தான்குடி)

சாதாரண ஆளின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. சூப்பர்ஹீரோவை எட்டு முதல் ஒன்பது தலை வரை நீட்டுவார்கள், தோளையும் அகட்டுவார்கள். வேண்டுமென்றே செய்வது இது. வடமோடிக் கூத்தில் கூடு போல விரிந்த கரப்புடுப்புப் போட்ட அரசனைக் களரியின் கடைசி வரிசையில் இருப்பவரும் வடிவத்தை வைத்தே அறிவார் அல்லவா, அதே தேவைதான். உருவத்தை முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் ஆள் யாரென்று தெரிந்தால் வரைந்தவர் வென்றார்.

பிழை என்பது பெருப்பித்ததில் இல்லை, பாரம் நிற்காததில் இருக்கிறது. நிற்கும் ஆளின் கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் அது இரு பாதங்களுக்கும் இடையில், அல்லது பாரம் தாங்கும் பாதத்தில் விழ வேண்டும். பெண் பாத்திரங்களின் முதுகை முறுக்கி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் தெரிய வரைவதை ரசிகர்கள் பலகாலம் கண்டித்து வந்தார்கள். 2012இல் சிலர் அதே நிலைகளில் ஹாக்ஐ என்ற ஆண் வீரனை வரைந்து காட்டினார்கள். நூறு கட்டுரை சொல்லாததை அந்தப் படங்கள் சொல்லிவிட்டன.

பக்கத்துக்கு ஒரே படம் போட்டு இதழை நிரப்புவது ஏமாற்று வேலை என்கிறேன். சரியா? (ஏறாவூர்)

சில இதழ்களில் சரி. ஆனால் 1993 ஜனவரித் திகதியிட்ட சூப்பர்மேன் 75ஆம் இதழைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம். சூப்பர்மேன் சாகும் இதழ் அது. அதற்கு முந்திய மூன்று இதழ்களிலும் பக்கத்துக்கு நாலு கட்டம், பிறகு மூன்று, பிறகு இரண்டு என்று குறைத்துக்கொண்டே வந்து, இதில் ஒன்றாக்கினார்கள். கட்டம் குறையக் குறைய ஒவ்வோர் அடியும் பெரிதாக விழுகிறது. அந்த ஒன்றை மட்டும் தனியே வாசித்தவருக்கு இது பிடிபடாது. நாலையும் வரிசையாக வாசியுங்கள்.

இரும்புக்கை மாயாவி கதைகளில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு திடுக்கிடும் திருப்பம் வருவது ஏன்? (வாழைச்சேனை)

அவை முழுக் கதையாக எழுதப்பட்டவை அல்ல. 1962இல் தொடங்கிய பிரித்தானிய வார இதழான வேலியண்டில் சில பக்கங்களாகத் தொடராக வந்தவை. அடுத்த கிழமையும் வாசகர் வாங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பகுதியும் ஆபத்தில் முடியும். 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அதைத் தமிழில் புத்தகமாகத் தந்தபோது அந்தத் தையல்கள் வெளியே தெரிந்தன. அதை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோவின் மைவேலையைத் தனியாகப் பாருங்கள். ஆள் மறைந்து கை மட்டும் மிதக்கும் கட்டங்களில் அந்தக் கையை நம்ப வைப்பது உலோகத்தின் கறுப்பு வெள்ளைப் பளபளப்புத்தான்.

ஒரே கதையை வேறு வண்ணத்தில் மறுபதிப்புச் செய்தால் ரசிகர்கள் ஏன் இவ்வளவு சண்டை பிடிக்கிறார்கள்? (கல்முனை)

வண்ணம் கதையின் குணத்தையே மாற்றுவதால். 1988இல் வந்த ‘த கில்லிங் ஜோக்’ பேட்மேன் கதையை வரைந்தவர் பிரையன் போலண்ட். வண்ணமிட்டவர் ஜோன் ஹிக்கின்ஸ். அதில் திருவிழா வெளிச்சம் போலக் கண்ணைக் குத்தும் நிறங்கள். 2008 மறுபதிப்புக்குப் போலண்ட் தானே மங்கலான நிறங்களைத் தீட்டினார். கடந்தகாலக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையாக்கி, சில பொருள்களை மட்டும் சிவப்பாக விட்டார். புதியது ஒழுங்கானது. பழையதில்தான் வில்லன் ஜோக்கரின் பைத்தியம் பக்கம் முழுவதும் பரவி நிற்கிறது என்பது எங்கள் பக்கம்.

ஒன்றைக் கவனியுங்கள். பழைய இதழ்களில் நீலம், சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் 25, 50, 100 வீதப் புள்ளிகள், அல்லது வெறுமை. ஆக 64 நிறம்தான். அச்சேறியது மை உறிஞ்சும் பத்திரிகைத் தாளில். அதே நிறங்களைப் பளபளப்புத் தாளில் அப்படியே போட்டால் கண் கூசும். 1962இல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் இரண்டாம் இதழிலேயே பச்சையானான். நம் கையிலுள்ள பழைய பிரதியோ வாவிக்கரை ஈரத்திலும் வெயிலிலும் மஞ்சளித்தது. அதை வைத்து வண்ணமிட்டவரைக் குறை சொல்லாதீர்கள்.

வாசகர் சொல்லி ஒரு பாத்திரத்தின் விதியே மாறியது உண்டா? (களுவாஞ்சிக்குடி)

உண்டு. 1988இல் பேட்மேனின் துணைவன் ஜேசன் டொட் வெடியில் சிக்கினான். அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று வாசகர் வாக்களிக்க இரண்டு தொலைபேசி எண்கள் கொடுக்கப்பட்டன. சாக 5,343, பிழைக்க 5,271. வித்தியாசம் 72. இரண்டு முடிவுக்கும் படம் வரைந்து வைத்திருந்தார்கள். அந்தப் பையனை முந்திய வருடம் முரடனாக மாற்றி எழுதியதில் பலருக்கு வெறுப்பு. எழுத்தின்மேல் வந்த கோபம் பாத்திரத்தின்மேல் விழுந்தது என்றே நினைக்கிறோம். 2005இல் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கமலா கானைப் பலருக்கும் பிடித்தது முஸ்லிம் பிள்ளை என்பதால் மட்டும்தானா? (அக்கரைப்பற்று)

இல்லை. கமலா கான் மிஸ் மார்வெல் என்ற சூப்பர்ஹீரோவாக வரும், 2014இல் தொடங்கிய தொடரில் ஜி. வில்லோ வில்சனின் எழுத்தும் ஏட்ரியன் அல்ஃபோனாவின் கோடும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. சக்தி கிடைத்ததும் அவள் முதலில் பொன்னிறத் தலைமயிர்க்காரியாக உருமாறுகிறாள். அது தனக்குப் பொருந்தவில்லை என்பதை வசனத்தைவிட அவளுடைய நிற்கும் விதமே காட்டுகிறது. வீட்டுச் சாப்பாட்டு மேசைக் காட்சிகளைத் திரும்ப வாசியுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து தமிழில் ஒரு சூப்பர்ஹீரோ இதழ் வரைந்து போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தோம். “எழுத்து நெரிசல், படம் அழுக்கு” என்கிறார்கள். என்ன பிழை? (திருக்கோவில்)

நெரிசலுக்குக் காரணம், படத்தை முடித்துவிட்டுக் குமிழியைச் செருகியது. முதலில் எழுத்தை எழுதி, குமிழியை வளைத்து, மிஞ்சிய இடத்தில் ஆளை வரையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 35 சொல் என்றொரு கணக்குச் சொல்வார்கள். அது நமக்கு உதவாது, தமிழ்ச் சொல் நீளம். சொல்லை விட்டு வரியை எண்ணுங்கள்: குமிழிக்கு நாலு வரி, வரிக்குப் பன்னிரண்டு எழுத்தளவு, கட்டத்துக்கு இரண்டு குமிழி. “வந்துகொண்டிருக்கிறார்களா?” என்று எழுதிக் குமிழியைக் கிழிக்காமல், “வாறாங்களா?” என்று நம் பேச்சில் எழுதினால் இடமும் மிஞ்சும், உயிரும் வரும். பாட்டி பேரனை “மனே” என்று கூப்பிடட்டும்.

ஆங்கிலக் குமிழிகளில் எல்லாம் பெரிய எழுத்து. மேலும் கீழும் எதுவும் நீளாததால் வரிகளை நெருக்கலாம். தமிழில் மேலே ‘கி’, கீழே ‘மூ’ என்று கொம்பும் சுழியும் மோதும். எழுத்தின் உடல் 3.5 மில்லிமீற்றர் என்றால் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு 7 மில்லிமீற்றர் விடுங்கள். அழுத்திச் சொல்ல எழுத்தைச் சரிக்க வேண்டாம், தடிப்பாக்குங்கள்.

அழுக்குக்குக் காரணம் பென்சில் நிழல். கொப்பி இயந்திரம் அதை ஒன்றில் வெள்ளையாக்கும், அல்லது அழுக்காக்கும். கறுப்பு மையில் கோட்டு நிழல் போடுங்கள், கோடுகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றராவது இடைவெளி வேண்டும். ஏ4 தாளில் வரைந்து ஏ5 ஆக 71 வீதத்துக்குச் சுருக்கும்போது 0.1 மில்லிமீற்றர் பேனாக் கோடு அறுந்துபோகும். முகத்துக்கு 0.3, உருவ விளிம்புக்கு 0.5, கட்டச் சட்டத்துக்கு 0.8 பாவியுங்கள். அடிவரைவுக்கு வெளிர்நீலப் பென்சில் நல்லம், கறுப்பு வெள்ளைக் கொப்பியில் அது பெரும்பாலும் விழாது. பெரிய கறுப்புப் பரப்பு திட்டுத்திட்டாக வரும், குறையுங்கள். ஓரங்களில் ஒரு சென்ரிமீற்றர், மடிப்புப் பக்கம் ஒன்றரை விடாவிட்டால் எழுத்து வெட்டுப்படும். பக்கங்கள் நாலின் மடங்காக இருக்கட்டும்: ஏ4 தாள் நாலு, இருபக்கமும், நடுவே மடித்தால் 16 பக்கம்.

மிச்சத்தை வரைய முன் ஒரு பக்கத்தை மட்டும் கொப்பி எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் நின்று, அவர் எந்தக் கட்டத்திலிருந்து திரும்ப முந்திய கட்டத்துக்குப் போகிறார் என்று பாருங்கள். திருத்த வேண்டியது அந்த இரண்டு கட்டங்களையும்தான்.