டாங்கிள்வுட் இசை விழா: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெனாக்ஸில் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு ஒவ்வொரு கோடையிலும் நடத்தும் விழா இது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, புல்வெளி டிக்கெட் போதுமா, ஷெட்டுக்குள் உட்கார வேண்டுமா?

ஷெட் என்பது கூரை போட்டுப் பக்கங்கள் திறந்த பெரிய அரங்கம், புல்வெளி அதற்கு வெளியே. என்ன வாசிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மாலர் எழுதியது மாதிரி பெரிய சிம்பொனி, அதாவது முழு இசைக்குழுவும் வாசிக்கும் நீண்ட படைப்பு என்றால் புல்வெளி தாராளம், பாயை விரித்துப் புளியோதரையைப் பிரித்துவிடலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பியானோ கான்செர்ட்டோ, அதாவது ஒரு பியானோக் கலைஞர் முன்னின்று இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு என்றால் மட்டும் தயவுசெய்து உள்ளே போங்கள். வெளியே உங்களுக்குக் கேட்பது ஸ்பீக்கர் வழி வரும் ஒலி, மோட்சார்ட்டின் மெதுவான இரண்டாம் பகுதி பக்கத்துப் பாயின் பேச்சிலேயே கரைந்துபோகும். மேடையைப் பார்த்தபடி இடது பக்கம் இடம் எடுத்தால் வாசிப்பவரின் விரல்களும் தெரியும். தனிப் பியானோ கச்சேரி என்றால் 1994-ல் திறந்த செய்ஜி ஓசாவா அரங்கம்தான் சரியான இடம், ஷெட்டைவிட மிகவும் சின்னது.

மழை வந்தால் ரத்தாகுமா?

ஆகாது, கச்சேரி நடக்கும். அந்த ஷெட் வந்ததே மழையால்தான். 1937-ல் கூடாரத்துக்குள் வாக்னரின் இசையை வாசித்துக்கொண்டிருந்தபோது இடியும் மழையும் கொட்டிக் கச்சேரி தடைபட்டது, விழாவை நடத்திய கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் அங்கேயே மேடையேறி நிரந்தரக் கூரைக்கு நிதி கேட்டார், அடுத்த கோடையிலேயே கட்டிவிட்டார்கள். சுமார் 5,000 பேர் உட்காரலாம். ஆனால் பக்கங்கள் திறந்தே இருக்கும், ஓரத்து இருக்கை வேண்டாம்.

இந்த ஈரக்காற்றில் பியானோ சுருதி விலகாதா?

விலகும். உள்ளே இருக்கும் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம், ஈரம் ஏறினால் உப்பிக் கம்பிகளை இழுக்கும், சுருதி கூடும், அதுவும் எல்லா ஸ்வரங்களிலும் ஒரே அளவில் கூடாது, நடு ஸ்தாயியில்தான் அதிகம். அதனால் சுருதி சேர்ப்பவருக்கு அன்றைக்கு ஓயாத வேலை. இடைவேளையில் எழுந்து போகாமல் அவரைக் கவனியுங்கள், அவர் காது எவ்வளவு நுட்பமானது என்று தெரியும்.

எப்போது கைதட்டுவது?

இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துனர் கையைக் கீழே இறக்கிய பிறகு. சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவில் முதல் பகுதி முடிந்ததுமே பலர் தட்டிவிடுவார்கள். அதில் தப்பில்லை, 19-ஆம் நூற்றாண்டில் அதுதான் வழக்கம்.

குழந்தைகளோடு வருகிறோம், செலவும் கொஞ்சம் இடிக்கிறது.

சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு வாருங்கள்! பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சிக்கான ஒத்திகைதான், டிக்கெட் விலை குறைவு. நடத்துனர் நடுவில் நிறுத்தி நாலு தாளக்கட்டு பின்னால் போய்த் திரும்ப வாசிக்கச் சொல்வார், பியானோக் கலைஞர் ஏதோ கேட்பார், அப்புறம் அதே இடம் வேறு மாதிரி வரும். ஒரு இசை எப்படி உருவாகிறது என்று குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இங்குள்ள பயிற்சி மையத்து இளைஞர்களின் கச்சேரிகளையும் விடாதீர்கள். அப்போது பாஸ்டன் சிம்பொனியின் நடத்துனராக இருந்த குஸெவிட்ஸ்கி 1940-ல் தொடங்கியது அது, முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற நடத்துனரும் இசையமைப்பாளருமான லியனார்ட் பெர்ன்ஸ்டைன்.

ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். எதற்கு வரட்டும்?

ஆகஸ்ட் கடைசியில் பாஸ்டன் சிம்பொனி வழக்கமாகப் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியோடு முடிக்கும், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், கூட்டமும் அப்படியே. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜூலையில் ஒரு பியானோ கான்செர்ட்டோ உள்ள ஞாயிறாகப் பார்த்து ஷெட்டின் இடது பக்கம் டிக்கெட் எடுப்பேன்.