பனிப்புயல் எப்படி வரும்? நெல்லைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பாளையங்கோட்டை): மகன் அமெரிக்காவில் வட கரோலினா, ராலேயில் இருக்கிறான். சனிக்கிழமை பனிப்புயலாம். வெண்பனி, ஸ்லீட், உறைமழை மூன்றுமே வரலாம் என்கிறார்கள். ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லக் கூடாதா?

பதில்: அம்மா, மூன்றுக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு டிகிரிதான். மேகத்தை விட்டுக் கிளம்பும்போது எல்லாமே வெண்பனி. வழியில் பூஜ்யத்துக்கு மேல் வெதுவெதுப்பான காற்று இருந்தால் உருகித் துளியாகும். அதற்கும் கீழே குளிர்காற்று நல்ல கனமாக இருந்தால் துளி மறுபடி உறைந்து ஐஸ் மணியாக விழும், அது ஸ்லீட். குளிர்காற்று தரையை ஒட்டி மெல்லிசாக இருந்தால் உறைய நேரம் கிடைக்காது. தண்ணீராகவே வந்து, கிளையிலும் கம்பியிலும் ரோட்டிலும் பட்டதும் கண்ணாடி மாதிரி உறையும், அது உறைமழை.

ராலேக்கு இன்னொரு சிக்கல். நமக்கு மேற்கே பொதிகை நிற்பது போல அவர்களுக்கு மேற்கே அப்பலேச்சியன் மலை. வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று அதைத் தாண்ட முடியாமல் கீழேயே தேங்கிவிடும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதன்மேல் ஏறிப் போகும். தேங்கிய காற்று எப்போது கலையும் என்பதில்தான் கணினிக் கணிப்புகள் அடிக்கடி சறுக்கும். பலூன் விட்டு மேல்காற்றை அளப்பதும் வழக்கமாக நாளுக்கு இரண்டு முறைதான், நம் நேரம் காலை 5.30, மாலை 5.30 கணக்கில். வெள்ளிக்கிழமை ராத்திரி வரும் அறிவிப்பை இன்றையதைவிட அதிகம் நம்பலாம்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, ஸ்லீட் நம்ம ஆலங்கட்டிதானே?

பதில்: இல்லை தம்பி. ஆலங்கட்டி இடிமேகத்துக்குள் மேலெழும் காற்றில் கிடந்து ஐஸ் பூசிப் பூசிப் பெருப்பது. சித்திரை வெயிலிலும் விழும். ஸ்லீட் மழைத்துளி அளவுதான்.

கேள்வி (அதே அம்மா): அவனுக்கு என்ன சொல்லட்டும்?

பதில்: மூன்றில் நான் பயப்படுவது உறைமழைக்குத்தான். கால் அங்குல ஐஸ் ஒட்டினாலே கிளை ஒடிந்து கரண்ட் கம்பிமேல் விழும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் பக்கம் 1,000-க்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் சாய்ந்தன. காரை எடுக்க வேண்டாம், பாலங்கள்தான் முதலில் உறையும். போனை முன்பே சார்ஜ் போடட்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள் அம்மா.

கேள்வி (காயல்பட்டினம்): 2023 டிசம்பரில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா?

பதில்: குமரிக் கடல் பக்கம் காற்றுச் சுழற்சி இருந்தது தெரியும். மேகம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்று கொட்டுமா, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போகுமா என்பதுதான் பிடிபடாதது. அன்று பெய்தது தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு வருட மழையைவிட அதிகம். எவ்வளவு பெய்யக்கூடும் என்பதோடு, மோசமாகப் போனால் எவ்வளவு என்பதையும் அறிவிப்பில் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது எண்தான் தேவை.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி, எட்டாம் வகுப்பு): மாஞ்சோலையில் உறைமழை பெய்யுமா சார்?

பதில்: பெய்யாது கண்ணு. நம் ஊருக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டர் போனால்தான் பூஜ்ய டிகிரி. ஆனால் பெரிய மழையில் உன்மேல் விழும் துளிகளில் பல, அதற்கும் மேலே ஐஸாகப் பிறந்து வரும் வழியில் உருகியவைதான்.