அப்பா இறங்கிய துறைமுகம்

கேள்வி: பாரிஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். 1956இல் கப்பலில் வந்து மார்சேயில் இறங்கினாராம். அவர் கால் வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று 82 வயது அம்மா கேட்கிறார். ரயிலில் ஒரே நாளில் போய்வர முடியுமா? எங்கே போய்ப் பார்ப்பது?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: முடியும், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். ஒரு இரவு தங்குங்கள். பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து மார்சேய் சேன்ஷார்ல் நிலையம் ஏறக்குறைய 750 கிலோமீட்டர். நேரடி டிஜிவி, அதாவது பிரான்சின் அதிவேக ரயில், மூன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். டிக்கெட்டை எவ்வளவு முன்னாடி எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு. பல டிஜிவிகள் இரண்டு அடுக்கு வண்டிகள், உள்ளே படிகள் குறுகல். அதனால் கீழ்த்தளத்தில் இடம் கேட்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே கதவு மூடிவிடும், நம் ஊர் மாதிரி ஓடிப்போய் ஏற முடியாது. நடைமேடை எண்ணையும் கடைசி இருபது நிமிடத்தில்தான் பலகையில் போடுவார்கள். அதுவரை அம்மாவை ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் பலகையைப் பாருங்கள்.

மார்சேய்க்குச் சற்று முன்னால் வரும் ஏக்ஸ் ஊரை நெருங்கும்போது, வண்டி போகும் திசைக்கு இடப்பக்கம் சேன்விக்துவார் மலை வெளுப்பாகத் தெரியும். அப்புறம் எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சுரங்கம். அதைத் தாண்டினால் மார்சேய்தான்.

சரி, அப்பா இறங்கிய இடத்துக்கு வருகிறேன். மார்சேய் என்றதும் எல்லோரும் படகுகள் நிறைந்த பழைய துறைமுகத்தின் படத்தைத்தான் காட்டுவார்கள். ஊரின் பெரிய கப்பல் துறையோ அதற்கு வடக்கே இருக்கும் ஜொலியெத். கீழைநாடுகளுக்குப் போய்வந்த கப்பல்களுக்கு அதுதான் இடம். பலர் பழைய துறைமுகத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நிலையத்தின் முன்னால் 104 படிகள் இறங்குகின்றன. பார்க்க அழகுதான், ஆனாலும் அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். நிலையத்திலேயே டாக்சி பிடித்துவிடுங்கள். தனியாகப் போனால், மெட்ரோ 2இல் இரண்டாவது நிறுத்தமே ஜொலியெத்.

என் மாமனாரும் அப்படிக் கப்பலில் வந்தவர்தான். அவரை அங்கே கூட்டிப் போனபோது, பழைய சரக்குக் கிடங்குகளில் கடைகள் வந்திருந்தன. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். அவருக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை, முகம் வாடிவிட்டது. மெல்லத் தெற்கே நடத்திக்கொண்டு போனேன். பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கல்லில் கட்டிய மழோர் பேராலயம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதான், கப்பல்லேர்ந்து இதைத்தான் பார்த்தேன்” என்றார். அது 1893இல் கட்டி முடித்த கோயில். அப்பா வந்தபோதும் அதே இடத்தில், அதே கோடுகளோடு நின்றது. அம்மாவை முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

துறைக்குள் யாரும் சும்மா நுழைய முடியாது. பக்கத்தில் தெராஸ் து போர் என்ற வணிக வளாகம் இருக்கிறது. அதன் கடலோர மாடத்தில் நின்றால் கோர்சிகாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போகும் கப்பல்கள் கீழேயே நிற்கும். கார்கள் வரிசையாகக் கப்பலின் வயிற்றுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். அப்பாவின் பழைய படம் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

மறுநாள் அம்மாவுக்குத் தெம்பிருந்தால், பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்தில் நோத்ர்தாம் த லா கார்து மலைக்கோயில். உள்ளே, மாலுமிகள் நேர்ந்துகொண்டு காணிக்கையாகக் கொடுத்த சின்னச் சின்னக் கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன.

சால்வையை மறக்காதீர்கள். மிஸ்த்ரால் காற்று கிளம்பினால் வெயில் அடிக்கும்போதே காது விறைத்துப்போகும்.