செலவுப் பக்கத்தையும் பாருங்கள்

கேள்வி: நிறை மிகுந்த விண்மீன்கள் விரைவில் மடிந்துவிடும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நிறை கூடினால் எரிபொருளும் கூடும் அல்லவா? அப்படியானால் பெரிய விண்மீன்தானே நீண்ட காலம் வாழ வேண்டும்? இது அச்சுப்பிழையா?

பதில்: அச்சுப்பிழை அன்று. பழியை அச்சகத்தார் மீது போட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியவன் நானே, அதை மாற்றுவதற்கும் இல்லை. வரவைச் சரியாக எழுதிய நீங்கள் செலவுப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டீர்கள்.

விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கி நசுங்க முனைவது. அதைத் தாங்கும் அழுத்தம் மையத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், நிறை கூடக் கூட மைய வெப்பமும் உயர்கிறது. அங்கே ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றும் அணுக்கருச் சேர்க்கையோ, வெப்பம் சற்றே ஏறினாலும் பல மடங்கு வேகம் பிடிக்கும் இயல்புடையது. ஆகவே சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் பல ஆயிரம் மடங்கு ஒளியை வாரி இறைக்கிறது. சூரியனின் ஆயுள் ஏறக்குறைய 1000 கோடி ஆண்டுகள். அந்தப் பெரிய விண்மீனுக்கோ 2 அல்லது 3 கோடிதான். மறுபுறம், சூரியனில் எட்டில் ஒரு பங்கு நிறைகூட இல்லாத பிராக்சிமா சென்டாரி என்ற செங்குள்ளன் (மங்கலாக எரியும் சிறு சிவப்பு விண்மீன்), லட்சம் கோடி ஆண்டுகளையும் தாண்டி எரியும். பேரண்டத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள் என்பதால், அத்தகைய செங்குள்ளன் எதுவும் இதுவரை முதுமையால் இறந்ததில்லை.

உங்கள் கட்சிக்குச் சாதகமாகத் தோன்றும் சாட்சி ஒன்றை நானே தருகிறேன். இரவு வானில் மிகப் பிரகாசமான சிரியஸ், உண்மையில் ஓர் இரட்டை விண்மீன். சூரியனைப்போல் இரு மடங்கு நிறையுள்ளது இன்னும் எரிந்துகொண்டிருக்க, ஏறத்தாழச் சூரியன் அளவே நிறையுள்ள அதன் துணை, எரிந்து முடிந்து, பூமியளவே பருமனுள்ள வெண்குள்ளனாக, அதாவது இறந்த விண்மீனின் எச்சமாகக் கிடக்கிறது. இலேசானதுதான் முதலில் இறந்ததோ? அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒன்றாகப் பிறந்து சுமார் 25 கோடி ஆண்டுகளே ஆகின்றன. சூரியன் அளவே நிறையோடு பிறந்த விண்மீன் அதற்குள் முதுமையை எட்டவே முடியாது. அந்தத் துணை விண்மீன் பிறந்தபோது அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 5 மடங்கு என்றும், முதுமையில் செம்பூதமாக, அதாவது பெருத்த சிவப்பு விண்மீனாக உப்பியபோது மேலடுக்குகளை உதறிவிட்டது என்றும் வானியலாளர்கள் கணிக்கிறார்கள். இப்போது நாம் எடைபோடுவது மிச்சமிருக்கும் உட்கருவை மட்டுமே.