கேட்டகிரியைத் தொட்டால் விளக்கைக் காணோம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாச்சியார்கோயிலில் நானும் மனைவியும் நடத்தும் குத்துவிளக்குக் கடை. 18,000 ரூபாய் கொடுத்து வேர்ட்பிரஸ் மென்பொருளில் வெப்சைட் போட்டோம். சைட் செய்தவர் விளக்குக்கென்று தனியாக 'கஸ்டம் போஸ்ட் டைப்' (சாதாரணப் பதிவிலிருந்து வேறான தனிப் பதிவு வகை) செய்து கொடுத்தார். ஒவ்வொரு விளக்குக்கும் கேட்டகிரியை டிக் செய்தேன். சைட்டில் 'கிளை விளக்கு' என்பதைத் தொட்டால் 'எதுவும் இல்லை' என்று வருகிறது. சரிசெய்ய இன்னும் 4,000 கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. உங்கள் மேல் தப்பே இல்லை. வேர்ட்பிரஸின் கேட்டகிரி பக்கம் சாதாரணப் பதிவுகளை மட்டும்தான் தானாக எடுத்துக் காட்டும். விளக்குகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லி, 'ப்ரீ கெட் போஸ்ட்ஸ்' என்ற ஹூக்கில் (நம் நிரலை நுழைக்க வேர்ட்பிரஸ் விட்டிருக்கும் இடம்) நாலைந்து வரி எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டவர் அவர். முடிக்காத வேலைக்கு இரண்டாவது கூலியா?

ஸ்கிரீன்ஷாட்டோடு வாட்ஸ்அப்பில் எழுதி, 15 நாள் கெடு கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிழைப்புக்காக நீங்களே நடத்தும் கடை என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

கேள்வி: புதிதாக ஒரு போஸ்ட் டைப் சேர்த்தேன். பக்கத்தைத் திறந்தால் 'பக்கம் இல்லை' என்று 404 பிழை. ஆள் கூப்பிடலாமா?

பதில்: வேண்டாம். செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் போய் 'சேவ்' அழுத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: மன்னார்குடியில் பாரம்பரிய நெல் விற்கிறேன். தீம் மாற்றியதும் 'நெல் ரகங்கள்' மொத்தமும், பட்டம் (பருவம்) வாரியாகப் பிரித்த டாக்ஸானமியும் (வகைப்பிரிப்பு) டாஷ்போர்டிலேயே இல்லை. அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை அம்மா. பழைய தீமைத் திரும்பப் போடுங்கள், பூங்காரும் தூயமல்லியும் வந்து நிற்கும். சரக்கு டேட்டாபேஸில் இருக்கிறது. அதைக் காட்டும் நிரல் மட்டும் பழைய தீமின் ஃபங்க்ஷன்ஸ் கோப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. திருவையாறு, திருப்பழனம் என்று காவிரிக்கரைக் கோயில்களுக்குப் போய் எழுதிய குறிப்புகளுக்காக 6,000 ரூபாய் கொடுத்து நானும் ஒரு சைட் வாங்கினேன். தீம் மாற்றிய அன்று எல்லாம் போயிற்று. பழையதைப் போட்டால் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகத் திரும்பத் தட்டினேன். தீம் என்பது சுவருக்கு அடிக்கும் வர்ணம். போஸ்ட் டைப்பும் டாக்ஸானமியும் நெல் கொட்டி வைக்கும் வீட்டுக் குதிர். நெற்குதிர் ஒன்றை யாராவது வர்ணத்தில் கட்டுவார்களா? தீமோடு ஒட்டாமல் தனியாகச் சேர்க்கும் பிளகினில் வைக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே 'பிளகினில்தானே வைக்கிறீர்கள்?' என்று கேட்டு, எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. குறுவை, சம்பா, தாளடி ஒரு டாக்ஸானமி. விதை, அரிசி, அவல் வேறொரு டாக்ஸானமி. எல்லாவற்றையும் ஒரே கேட்டகிரியில் கொட்டினால், தாளடிக்கு விதைநெல் தேடி வருபவர் அவலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

கேள்வி: பாபநாசத்தில் எங்கள் மண்டபத்துக்கு 40,000 ரூபாயில் சைட். டொமைன் (சைட்டின் முகவரி), பாஸ்வேர்ட் எல்லாம் செய்தவரிடமே. பில் வாங்கவில்லை. கேட்டகிரி பெயரை மாற்றுவது எப்படி?

பதில்: 40,000-க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் வந்திருக்கிறீர்கள். கேட்டகிரி பெயர் இருக்கட்டும். இன்றைக்கே அவரைப் பார்த்து டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, பில்லும் அட்மின் பாஸ்வேர்டும் வாங்கிவிட்டு எழுதுங்கள்.